இரண்டு பேருக்கு ஒரு குன்று

ஊர் ஒலிபெருக்கி அன்று காலையில் மறுபடியும் கரடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, இசோகோ வாசல் குழாயடியில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கரடி. ஆற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு கரடி. யாரும் தனியாக மலைப்பக்கம் போக வேண்டாம், மரத்தில் பழம் இருந்தால் உடனே பறித்துவிடுங்கள். அந்த அக்டோபர் முழுக்க இதே பாட்டுதான். அகிதா வட்டாரத்து மலைகளில் அந்த வருஷம் கொட்டைகள் காய்க்கவில்லை என்று பசித்த கரடிகளெல்லாம் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

ஒலிபெருக்கி ஓய்ந்ததும் டவுன் ஆபீஸின் வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியவர் ஓனோதெரா. நாற்பது வயதிருக்கும். யாரிடமும் எதையும் நேராகக் கேட்கத் தெரியாத மனுஷர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதலில் முள்ளங்கியைப் பற்றிப் பேசினார். பிறகு மழையைப் பற்றி. இசோகோவுக்குக் கை விறைத்துக்கொண்டிருந்தது.

"குன்று மேல இருக்கிற மரத்தைப் பத்தித்தானே வந்திருக்கீங்க?" என்றாள்.

"ஆமாம்மா. கீழ ரோட்டுல இருந்தே தெரியுது. அவ்வளவு பெர்சிமன் பழம். கரடிக்கு விளக்குப் போட்டுக் கூப்பிடற மாதிரி இருக்கு. பறிச்சிடணும். வெட்டிட்டா இன்னும் நல்லது. ஆனா மரம் ரெண்டு பேருக்கும் பொதுங்கறதால, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு…"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு," என்று இசோகோ திருப்பிச் சொன்னாள். ஓனோதெரா தரையைப் பார்த்தார். அவருக்கும் விஷயம் தெரியும். குரோனுமா ஊரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றின் பெயர் யகன்யாமா. கெண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். மலை என்று சொன்னால் மற்ற மலைகள் சிரிக்கும்; மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் உச்சி வந்துவிடும். மாமனார் சாகும்போது அதை நடுவாகப் பிளந்து கிழக்குப் பாதியை மூத்தவர் செய்சகுவுக்கும், மேற்குப் பாதியை இளையவர் மோரியோவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். செய்சகு வீடு கிழக்கு அடிவாரத்தில். இசோகோவின் புருஷன் மோரியோ வீடு மேற்கு அடிவாரத்தில். உச்சியில் சரியாக எல்லைக்கோட்டில் ஒரு சின்னக் கோயிலும் ஒரு பெர்சிமன் மரமும். அந்தக் கோயில் கூரை ஒழுகியபோது, மோரியோ அண்ணனைக் கேட்காமல் மேலே சிவப்புத் தகரம் அடித்துவிட்டார். செய்சகு மரப்பலகைக் கூரைதான் வேண்டும் என்று ஆளைப் பார்த்துவைத்திருந்தாராம். அவ்வளவுதான். அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு தகரத்துக்கு.

பேச்சு இல்லை என்றால் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அப்படி விட்டிருந்தால் இசோகோ நிம்மதியாக இருந்திருப்பாள். வாய்க்கால் தண்ணீர், நாற்று, டிராக்டர், திவசம் என்று பேச வேண்டியதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், இசோகோவின் வாய் வழியாக. செய்சகுவின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்து வாயும் இல்லாமல் போய், முழு வேலையும் இவள் தலையில் விழுந்தது. போனில் சொல்லலாம் என்றால் செய்சகுவுக்குப் போன் மணி காதில் விழாது. குன்றைச் சுற்றி நடந்து நடந்து இவள் ரப்பர் பூட்ஸ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

மோரியோ கொட்டகையில் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். இசோகோ குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"பறிக்கறதுன்னா பறிக்கலாம். கிழக்கு வீடு என்ன சொல்லுதுன்னு கேளு," என்றார் மோரியோ. அண்ணன் என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. கிழக்கு வீடுதான்.

"கூப்பிடு தூரம். நீங்களே போய்க் கேட்டா நாக்கு தேய்ஞ்சிடுமா?"

"ஸ்பானர் எடு. அது இல்ல, பெருசு."

இசோகோ ஸ்பானரைக் கொடுத்துவிட்டுக் குன்றைச் சுற்றிப் போனாள். செய்சகு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியும் தோள் அகலம் குறையாத ஆள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு கட்டையை இரண்டு தடவை திருப்பி வைத்தார்.

"பறிக்கணும்னா என் ஏணி வேணும். உன் வீட்டுக்காரன் ஏணியில ஒரு கால் வளைஞ்சிருக்கு. அது கூட அவனுக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில வரச்சொல்லு. மரத்தை வெட்ற பேச்சே கூடாது, அதையும் சொல்லிடு."

"சரி அத்தான்."

"அப்புறம், வேலைக்கு வர்றவன் நேரத்துக்கு வரணும்னு சொல்லு."

இதை மேற்கு வீட்டில் வந்து சொன்னபோது மோரியோ இயந்திரத்துக்கு அடியிலிருந்தே, "நான் எப்ப நேரம் தவறினேன்னு கேட்டுட்டு வா," என்றார். இசோகோ போகவில்லை. முள்ளங்கி அப்படியே கிடந்தது. அதைக் கழுவி முடித்தாள்.

மறுநாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. மோரியோ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கரடி மணியும் கையில் டிரான்சிஸ்டரும் எடுத்துக்கொண்டார். சத்தம் இருந்தால் கரடி வராது என்பது கணக்கு. இசோகோ பிளாஸ்டிக் கூடைகளையும் சோற்றுருண்டைப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். உச்சிக்குப் போனால், கிழக்குப் பாதை வழியாக ஏறிவந்த செய்சகு அங்கே ஏற்கெனவே ஏணியைச் சாத்தியிருந்தார். அவரும் ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்திருந்தார். அது கோயில் படிமேல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. மோரியோ தன்னுடையதை மரத்தடியில் வைத்து ஏதோ காதல் பாட்டைச் சத்தமாகத் திருப்பினார். செய்சகு போய்ச் செய்தியை இன்னும் கூட்டினார்.

"ஒரு ரேடியோ போதாதா?" என்று இசோகோ கேட்டாள்.

இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

மரம் நிஜமாகவே விளக்குப் போட்ட மாதிரிதான் நின்றது. இலை உதிர்ந்து, கிளைக்குக் கிளை தக்காளி அளவில், ஆரஞ்சு நிறத்தில் பழம். துவர்ப்பு ஜாதி, தோல் சீவிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால்தான் வாயில் வைக்கலாம். அந்த வேலையும் தனக்குத்தான் என்பது இசோகோவுக்கு ஏறும்போதே தெரிந்திருந்தது. மோரியோ ஏணியில் ஏறினார். செய்சகு கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு முழ உயரம். அதற்கு நடுவில் இசோகோ.

"இடது பக்கம் இருக்கிற கிளையை முதல்ல முடிக்கச் சொல்லு," என்றார் கீழேயிருந்து செய்சகு.

"இடது பக்கமாம்."

"இதுதான் இடது பக்கம்னு சொல்லு."

"அவர் இடது பக்கத்துலதான் இருக்காராம், அத்தான்."

"என் இடது பக்கம்."

"அவர் இடது பக்கமாம்."

"ஏணியை ஆட்டாம பிடிக்கச் சொல்லு."

"ஏணி ஆடுதாம்."

"ஏணி ஆடல, ஏறினவன் கால் ஆடுதுன்னு சொல்லு."

இப்படியே மூன்று கூடை நிரம்பியது. ரேடியோக்கள் இரண்டும் கத்திக்கொண்டிருந்தன. இசோகோவுக்குத் தலை விண் விண் என்று தெறித்தது. உச்சிக்கிளையில் ஒரு பழத்தைப் பறிக்காமல் மரத்துக்கு விட்டுவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அங்கேதான் வந்தது வினை.

"ஒண்ணு விட்டுவைக்கச் சொல்லு," என்றார் செய்சகு.

"ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னுதானே டவுன் ஆபீஸ்ல சொன்னாங்க. காது கேக்கலையான்னு கேளு."

"அப்பா காலத்துல இருந்து விடறதுதான். அப்பா பேரைச் சொன்னா மட்டும் சிலருக்குக் கசக்கும்னு சொல்லு."

"அப்பா எனக்கும் அப்பாதான்னு சொல்லு."

இசோகோ கையில் இருந்த காம்பு வெட்டும் கத்தரியைத் தரையில் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். பிறகு போய் ஒரு ரேடியோவை அணைத்தாள், அது யாருடையது என்று பார்க்காமல்.

"கேளுங்க ரெண்டு பேரும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது சமைக்க, வயல்ல இறங்க, பிள்ளை பெத்துக்க. அதெல்லாம் செஞ்சாச்சு. நடுவுல நின்னு தந்தி அடிக்க வரல. ஒரு பழத்தை விடறதோ தின்றதோ, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. பேச முடியலைன்னா ஏணியிலயே நில்லுங்க. நான் போறேன்."

ஒரு கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்குப் பாதையில் இறங்கினாள். நாலடி போவதற்குள் பின்னால் அந்த ரேடியோ மறுபடியும் பாட ஆரம்பித்தது.

பாதிக் குன்று இறங்கியிருப்பாள். மனசுக்குள் இன்னும் பேசிக்கொண்டே போனாள். சொல்ல விட்டுப்போனது நிறைய இருந்தது. பின்னால், மேல்பக்கத்தில், மூங்கில் புதர் சலசலத்தது. காற்று என்று நினைத்துத் திரும்பினாள். புதரிலிருந்து ஒரு கரிய முதுகு வெளியே வந்து, பாதையின் குறுக்கே நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தது. மார்பில் வெள்ளைப் பிறை. கன்றுக்குட்டி அளவு இருந்தது.

இசோகோ அப்படியே நின்றாள். பயம் வந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலையில் அவள் இருந்த இருப்பில், பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

"நீயுமா?" என்றாள்.

கரடி மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. கூடையைப் பார்த்தது. இசோகோ கூடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, திரும்பாமல், பின்பக்கமாக அடி அடியாக இறங்கினாள். கரடி வந்து கூடையில் வாயை விட்டது. இரண்டு பழத்தை மென்றுவிட்டு, இதைவிட நல்ல இடம் தெரியும் என்கிற மாதிரி, பாதையோடு மேலே ஏற ஆரம்பித்தது.

மேலே. உச்சிக்கு.

"கரடி வருது," என்று இசோகோ தொண்டை கிழியக் கத்தினாள். பதிலுக்குக் காதல் பாட்டும் செய்தியும்தான் வந்தன. செய்சகுவுக்கு நல்ல நாளிலேயே காது மந்தம். மோரியோ ஏணி மேல் இருந்து பார்த்தால் இந்தப் பாதை தெரியும். அவர் கண்ணில் முதலில் படலாம். பட்டால்? பத்துப் பன்னிரண்டு வருஷமாக அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். கரடி வருதுன்னு சொல்லு என்று சொல்ல அங்கே இவள் இல்லை. அந்த நினைப்பு வந்ததும்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது.

கீழே ரோட்டில் ஓனோதெரா எச்சரிக்கைப் பலகை நட்டுக்கொண்டிருந்ததை ஏறும்போதே பார்த்திருந்தாள். ஓடினாள். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். ஓனோதெரா அவளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டார்.

"மேல. ரெண்டு பேரும் மேல இருக்காங்க. கரடி போயிட்டிருக்கு."

அவர் வேட்டைக்காரர்களுக்குப் போன் போட்டார். அவர்கள் எல்லோரும் பாலத்துப் பக்கத்தில் இன்னொரு கரடியைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். வர அரை மணியாவது ஆகும் என்றார்கள்.

"அவங்க வர்ற வரைக்கும் நாம வேனுக்குள்ள உட்கார்ந்திருக்கறதுதாம்மா முறை," என்றார் ஓனோதெரா.

"உங்க கிட்ட கரடியை விரட்டற வெடி இருக்குமே, எங்க?"

"பின் சீட்டுல. ஆனா முறைப்படி…"

இசோகோ ஏற்கெனவே பின் கதவைத் திறந்திருந்தாள். வெடிக் கட்டு ஒன்றையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். ஓனோதெரா ஒரு கணம் வேனைப் பார்த்தார். பிறகு மிளகாய்த் தெளிப்பானை எடுத்துக்கொண்டு, "அம்மா, எனக்குப் பின்னாடி வாங்க, பின்னாடி," என்று முனகிக்கொண்டே அவளுக்குப் பின்னால் ஓடினார்.

உச்சியில் ஏணி கீழே கிடந்தது. கூடைகள் கவிழ்ந்து பழமெல்லாம் புல்லில் சிதறிக் கிடந்தன. நடுவில் கரடி காலை விரித்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தன. ஆட்கள் இல்லை. இசோகோ புல்லில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். பழத்தின் நிறம் பார்க்கிற இடமெல்லாம் ரத்தமாகத் தெரிந்தது.

ஓனோதெராவால் தீக்குச்சியை உரச முடியவில்லை. இசோகோ பிடுங்கி உரசி வெடியைக் கொளுத்தி எறிந்தாள். படபடவென்று வெடித்தது. கரடி துள்ளி எழுந்து, வாயில் ஒரு பழத்தோடு, வடக்குச் சரிவில் இறங்கி மறைந்தது. போகும்போது கூடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

இசோகோ போய் இரண்டு ரேடியோவையும் அணைத்தாள். குன்று அமைதியானது. அந்த அமைதியில் கோயிலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"…முழங்காலை எடுடா. விலாவுல குத்துது."

"எங்க எடுக்கறது? இதுக்கு மேல மடக்கினா ஒடிஞ்சிடும். நீ தள்ளி உட்காரு."

"எங்க தள்றது? பின்னாடி சாமி இருக்கு."

அந்தக் கோயில் ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே இரண்டு ஆளும் விளக்குமாறும் முதுகும் முழங்காலுமாக அடைந்து கிடந்ததில் கதவு அசையவில்லை.

"ஏங்க," என்று இசோகோ கூப்பிட்டாள். "அடி ஏதாவது பட்டிருக்கா?"

உள்ளேயிருந்து செய்சகுவின் குரல்: "இசோகோவா? உன் வீட்டுக்காரனைக் காலை மடக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க அத்தான். உங்க மடியிலதானே உட்கார்ந்திருக்கார்."

இசோகோ கோயில் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஒன்று வந்தது. ஓனோதெரா கதவைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். கடைசியில் வேட்டைக்காரர்கள் வந்து கீலைக் கழற்றித்தான் இருவரையும் வெளியே எடுத்தார்கள். மோரியோவுக்கு ஒரு கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. செய்சகு அவர் கக்கத்தில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, "நேரா நில்லு, நேரா," என்று அதட்டினார்.

என்ன நடந்தது என்பதை மோரியோ அன்று சாயங்காலம் சாப்பிடும்போதுதான் சொன்னார். சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான் முதல்ல பார்த்தேன். பாதை வளைவுல வந்துட்டிருந்தது. அண்ணேன்னு கத்திட்டேன். எப்படி வந்துச்சுன்னு தெரியல, வந்துடுச்சு. அவர் திரும்பிப் பார்த்தார். கோயில் அவருக்குப் பக்கத்துலதான் இருந்தது. போயிருக்கலாம். போகல. நான் இறங்குற வரைக்கும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கரடி கூடை கிட்ட வந்தாச்சு. எனக்குக் கால் படியில நிக்கல. 'அவசரப்படாதே, அடுத்த படி, அடுத்த படி'ன்னு சொல்லிக்கிட்டே நின்னார்."

இசோகோ அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் ஊறுகாய் கொடுக்கப் போன சாக்கில் செய்சகுவிடம் கேட்டாள். "ஓடியிருக்கலாமே அத்தான். ஏன் நின்னீங்க?"

"ஏணி என்னுது," என்றார் அவர். "விட்டா விழுந்து வளைஞ்சிருக்கும். ஏற்கெனவே அவன் வீட்டு ஏணி வளைஞ்சிருக்கு." சொல்லிவிட்டு விறகுப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. இசோகோவும் ஒரே ஒரு நாள் அப்படி நம்பினாள். பேச்சு வந்தது நிஜம்தான். வந்த பேச்சு நிற்கவில்லை. இத்தனை வருஷம் இவள் வழியாக வரும்போது வழியில் நசுங்கிப் பாதியாய்ப் போய்ச் சேர்ந்த சண்டையெல்லாம் இப்போது முழுசாக வந்தன. காலையில் செய்சகு வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்துவிடுவார். மரத்தை வெட்டலாமா கூடாதா என்று ஆரம்பிப்பார்கள். வெட்டவே கூடாது என்றவர் இப்போது வெட்டத்தான் வேண்டும் என்றார். உடனே மோரியோ, பறித்தால் போதும், வெட்டவே கூடாது என்று பிடித்துக்கொண்டார். அங்கிருந்து வாய்க்காலுக்குப் போவார்கள். சோயா விழுது கரைத்து அவள் வைக்கும் மிசோ சூப்பில் உப்பு அதிகம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்தார்கள்.

"அண்ணன் சொல்றதும் சரிதான் இசோகோ. கொஞ்சம் கரிக்குது."

இந்த நேரத்தில் ஓனோதெரா மறுபடியும் வந்து தொப்பியைக் கழற்றினார். "மரத்தைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு…"

"உள்ள இருக்காங்க. போய்க் கேளுங்க," என்றாள் இசோகோ. "நான் வீட்டுல இல்ல."

"இங்கதானேம்மா நிக்கிறீங்க?"

"இப்பப் போறேன்."

நிஜமாகவே போனாள். பையில் ஒரு துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறி, இரண்டு பள்ளத்தாக்கு தள்ளியிருந்த வெந்நீர் ஊற்று விடுதியில் இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து தனியாக ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. விடுதிக்காரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு ஓரத்து அறையைக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் காலையில் குளிக்கத் துணி மாற்றும்போது அவள் செல்போன் அடித்தது. மோரியோ.

"மரத்தை வெட்டியாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெட்டினோம். பாதி விறகு அண்ணன் எடுத்துக்கிட்டார். பாதிக்கு மேலன்னு நான் சொல்றேன், இல்லைங்கறார். நீ எப்ப வர்றே?"

"தெரியல."

"சூப்பு வெச்சோம். உப்பு எவ்வளவு போடணும்னு அண்ணன் கேக்கறார்."

பின்னால், "நான் எங்கடா கேட்டேன், நீதானே கேட்டே?" என்று செய்சகுவின் குரல் கேட்டது.

இசோகோ போனை அணைத்துத் துணிக்கூடைக்குள் போட்டாள். வெளியே பனி லேசாக விழ ஆரம்பித்திருந்தது. குளத்தில் யாரும் இல்லை. மெதுவாகப் படி இறங்கி, கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.